டொராண்டோவில் ஒரு பின்வாசல்

1

நான் சினிமாவில் சேர்ந்துவிட்டதாகக் காரைக்குடியில் ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை, என் மனைவி மைமூன்தான். கனடாவில் உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று யாரோ கேட்க, "படம் எடுக்குறாக" என்று சொல்லிவைத்தாள். அவள் மேல் தப்பில்லை, நான் எழுதியதைத்தான் சொன்னாள். ஆனால் பள்ளிவாசல் தெருவுக்குள் ஒரு செய்தி நுழைந்து வெளியே வருவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிடும். அடுத்து வந்த ஏர்மெயில் தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தாள்: "மச்சான், ஒங்க படத்துல யாரு கதாநாயகின்னு தெருவே கேக்குது. நானும் கேக்குறேன்."

கதாநாயகி கிடையாது. பாட்டு கிடையாது. என் படத்தில் நடிப்பவை எல்லாம் புள்ளிகளும் கோடுகளும்தான். சின்னக் கோடு என்றால் கார். நீளக் கோடு என்றால் டிராம். புள்ளி என்றால் மனிதன். கறுப்புத் திரையில் வெள்ளை வெளேரென்று ஒரு நகரமே ஊர்ந்து போகும். அதைப் பார்த்துவிட்டு நகர சபைக்காரர்கள் எந்தச் சிக்னலில் எவ்வளவு நேரம் சிவப்பு எரிய வேண்டும் என்று முடிவு செய்வார்கள். இதுதான் என் சினிமா.

இன்னும் சிலர் நம்பவில்லை என்று கேள்வி. போன சனிக்கிழமை இங்கே நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு, இதை முழுசாக எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றிவிட்டது.

2

மனிதன் நிலவில் இறங்கிய வருஷம்தான் நான் டொராண்டோவில் இறங்கினேன். அவனுக்குக் கிடைத்த வரவேற்பு எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் குளிர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் படிப்பு. பிறகு நகரப் போக்குவரத்தை ஆராயும் ஒரு கூடத்தில் வேலை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கல்யாணக் கூடம் அளவுக்கு ஓர் அறை, அதற்குள் பீரோ பீரோவாக நிற்கிறது. மனிதனுக்குக் கிடைக்காத குளிர்சாதனம் அதற்கு உண்டு. நாம் சொல்ல வேண்டியதை அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டை இடம் மாறினால் போச்சு, மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

என்னை வேலைக்கு எடுத்தவர் ரூத். எனக்கு மேலதிகாரி, ஆனாலும் என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூப்பு. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, அதே பென்சிலை அறை முழுக்கத் தேடுவார். கம்ப்யூட்டர் தரும் எண்களைக் கட்டுக் கட்டாகத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் எந்த நகரசபை உறுப்பினர் படிப்பார் என்று கேட்டு, அவற்றைப் படமாக ஓடவிடலாம் என்று யோசித்தவர் அவர். கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒரு கண்ணாடித் திரை இருக்கிறது. தெருவில் ஒரு நொடியில் யார் யார் எங்கெங்கே நிற்கிறார்களோ அதைத் திரை ஒளிப்புள்ளிகளாகப் போடும். எதிரே இருக்கும் கேமரா ஒரு 'கிளிக்'. அடுத்த நொடி, அடுத்த 'கிளிக்'. ஃபிலிமைக் கழுவி புரொஜெக்டரில் ஓட்டினால் தெருவின் ஒரு மணி நேரம் இரண்டரை நிமிஷத்தில் கடந்துவிடும்.

முதல் முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் நாங்கள் சொல்லிக்கொடுப்பது மிகக் கொஞ்சம்: முன்னால் போகிறவனை இடிக்காதே, சிவப்பில் நில், போக வேண்டிய இடத்துக்குக் கிட்டத்து வழியாகப் போ. நெரிசல் செய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நெரிசல் வந்துவிடும். கார்கள் முன்னோக்கிப் போக, நெரிசல் மட்டும் பின்னோக்கி நகரும்! இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். காரைக்குடி பஸ் நிலையத்துப் பக்கம் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வாடகை சைக்கிள் கடை. சந்தை நாளில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே திரும்பும். திருப்பத்தூர் பஸ் பிரேக் போடும். அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் ஒன்று என்று நின்று நின்று, அந்த நிற்பது எங்கள் கடை வாசலுக்கு வந்து சேரும்போது மாடு கொப்புடையம்மன் கோயிலைத் தாண்டிப் போயிருக்கும். எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமலே எல்லாரும் எதிரே இருப்பவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அது வெறும் சத்தம். இங்கே சத்தத்தை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது அதற்குள் இவ்வளவு அழகா என்று வாயைப் பிளந்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது, ஊர் வழக்கப்படி 'போயிட்டு வர்றேன்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொன்னேன். ரூத் பூட்டையும் சாவியையும் கையில் வைத்துக்கொண்டு நான் திரும்பி வருவேன் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தாராம். மறுநாள் கேட்டார், "போனாய், சரி. வருவதாகச் சொன்னாயே?" வந்துவிட்டேனே, இதோ நிற்கிறேனே என்றேன். அன்றிலிருந்து அவரும் கிளம்பும்போது அப்படியே சொல்லிவிட்டுப் போகிறார்.

3

நான் கிளம்பியபோது மைமூன் ஏழு மாதம். மகள் ஜொஹராவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவளும் என்னைப் போட்டோவில்தான். இங்கே தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டு, அப்பா தமிழில் சொல்ல, பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள். கூடவே இருந்தே இந்தக் கதி என்றால், கூட இல்லாத நான் என்ன ஆவேன் என்று பயம் வந்துவிட்டது.

குடும்பத்தை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தேன். குடியேற்ற அலுவலகத்தில் எனக்கு வேறு பெயர். கபீர் என்ற என் பெயரை விட்டுவிட்டு அத்தா பெயரைக் குடும்பப் பெயராக்கி, "மிஸ்டர் சையது முகமது!" என்று உரக்கக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அத்தா வந்துவிட்டாரோ என்று பதறி எழுந்து நிற்பேன். மைமூன் பாஸ்போர்ட்டில் அந்தப் பெயர் இல்லை. அப்படியென்றால் இவர் உங்கள் மனைவிதானா என்று கேட்டார்கள். ஜமாத்தில் நிக்காஹ் பதிவின் நகல் வாங்கி, மொழிபெயர்த்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்த அதிகாரி கடைசியில் ஒன்று கேட்டார்.

"உங்கள் வேலை ஏப்ரலுக்குப் பிறகும் இருக்குமா? இருக்கும் என்று ஒரு கடிதம் வேண்டும்."

ரூத்திடம் போனேன். அவர் மூடி மறைக்கவில்லை. "நகர சபை ஒரு படம் கேட்டிருக்கிறது. அந்தப் படம் தெருவைப் போல இருந்தால் நமக்கு அடுத்த வருஷமும் பணம் உண்டு, உனக்குக் கடிதம் உண்டு. இல்லையென்றால், கபீர், எனக்கே கடிதம் கிடையாது."

விஷயம் இதுதான். நகரின் நடுவே மேற்குத் தெருவுக்கும் கிழக்குத் தெருவுக்கும் இடையில், எல்லாப் பொருளும் விற்கும் ஒரு பிரம்மாண்டமான கடை. மேற்கில் அலுவலகங்கள், கிழக்கில் டிராம். வேலை விட்டு டிராமுக்குப் போகிறவர்கள் வடக்கு மூலைக்கு நடந்து, அங்கே இரண்டு சிக்னலைக் கடந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடையின் வடக்கு ஓரம் லாரி நிறுத்தும் இடம், நடைபாதை இல்லை; அதனால் ஒரு சிக்னலில் எதிர்ப்பக்கம் போய், அடுத்ததில் திரும்பி வர வேண்டும். அந்த மூலையில் கூட்டம் தாங்கவில்லை, நடப்பவர்களுக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள் என்று ஒரு கட்சி. கூட்டமே இல்லை, நாங்கள் பகலில் போய்ப் பார்த்தோம், காரை எதற்கு மறிக்கிறீர்கள் என்று இன்னொரு கட்சி. யார் சொல்வது சரி என்று படம் காட்ட வேண்டும்.

மைமூனுக்கு எழுதினேன்: ஒரு படம் பாக்கி இருக்கிறது, அது ஓடினால் நீங்கள் வரலாம். பதில் வந்தது. "அல்லா காப்பாத்துவான். நூறு நாள் ஓடணும்னு அம்மா துஆ கேக்குது."

4

நகர வரைபடத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வேலை என்னுடையது. கட்டம் கட்டமாகப் பிரித்து, இது சாலை, இது நடைபாதை, இது கட்டடம் என்று அட்டையில் ஓட்டை போட வேண்டும். போட்டேன். சோதனைப் படம் எடுத்துத் திரையில் ஓட்டினோம்.

ரூத் முதலில் இருமினார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் புள்ளிகள் மேற்குத் தெருவில் வங்கிக்குள் நுழைந்து கிழக்குத் தெருவில் வெளியே வந்தன. தேவாலயத்துக்குள் வரிசையாகப் புகுந்து பின்பக்கம் போயின. நீதிமன்றத்தைக் குறுக்கே கடந்தன.

"கபீர், உன் ஊரில் நீதிபதி தீர்ப்புச் சொல்லும்போது நடுவே ஆட்கள் கறிகாய்ப் பையோடு போவார்களா?"

தலையைச் சொறிந்தேன். இரண்டு தெருவையும் தொட்டுக்கொண்டு நிற்கும் கட்டடம் எதைக் கண்டாலும் இந்தப் பக்கம் ஒரு வாசல், அந்தப் பக்கம் ஒரு வாசல் வைத்துவிட்டிருக்கிறேன்! யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போட்டிருக்கிறது. காரைக்குடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செட்டியார் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு இங்குட்டு, பின்வாசல் அங்குட்டு. எங்கள் வீட்டிலிருந்து அத்தா கடைக்குப் போக அப்படி ஒரு வீடு குறுக்கே இருந்தது. அந்த வீட்டு சைக்கிள்களுக்கெல்லாம் அத்தாதான் வைத்தியர். அந்த உரிமையில், காலேஜ் படிக்கும்போது வீட்டில் பழுது பார்த்த சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோக நான் உள்ளே நுழைந்துவிடுவேன். வீட்டு ஆச்சி கையில் வெற்றிலையோடு வளவுக்குள், நடு முற்றத்து ஓரமாக, உட்கார்ந்திருப்பார்.

"ஏன்டா கபீரு, எங்க வீடு என்ன ஒனக்கு முனிசிபாலிட்டி ரோடா?"

"ரோட்டுல வெயிலு ஆச்சி."

"வெயிலுன்னா பொடி நடையாப் போ. எஞ்சினீயருக்குப் படிக்கிறவன் கருத்துட்டா யாரு பொண்ணு குடுப்பா? சரி சரி, உருட்டாதடா! தரையில கோடு விழும். தூக்கிக்கிட்டுப் போ."

நான் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் இரண்டு பகுதிகளையும் தாண்டி அடுத்த தெருவில் இறங்குவேன்.

இதை ரூத்துக்குச் சொன்னேன். ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் சைக்கிளா என்று நம்பாமல் கேட்டார். பிறகு எல்லாக் கதவையும் அடைக்கச் சொன்னார். அடைத்தேன். புதுப் படம் கச்சிதமாக வந்தது. எல்லாப் புள்ளியும் ஒழுங்காக மூலைக்குப் போய்ச் சுற்றியது. தெருவில் ஆட்களை நிறுத்தி எண்ணிய கணக்கோடு ஒத்துப் பார்த்தோம். ஒட்டவே இல்லை. படத்தில் மூலை நாள் முழுக்கப் பிதுங்குகிறது. நிஜத்தில் பகலில் அங்கே காற்றாடுகிறது.

நானாக இருந்தால் பழைய தப்புப் படத்தைக் குப்பையில் போட்டிருப்பேன். ரூத் போடவில்லை. இந்த மனுஷியை நான் வியப்பது இதற்காகத்தான். இரண்டு புரொஜெக்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் தப்பையும் சரியையும் ஒன்றாக ஓடவிட்டார். நாலு தடவை பார்த்தார். "பகல் பொழுதுக்கு உன் தப்புதான் தெருவைப் போல இருக்கிறது. அடைத்ததில் ஏதோ ஒரு கதவை அடைத்திருக்கக் கூடாது. எந்தக் கதவு?"

வங்கி இல்லை, தேவாலயம் இல்லை. இரண்டு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பெரிய கடைக்குப் போனோம். கிறிஸ்துமஸ் சமயம். வாசனைத் திரவியம் விற்கும் இடத்தில் நின்று பார்த்தோம். மேற்கு வாசலில் பனியை உதறிக்கொண்டு நுழைகிறார்கள், எதையும் திரும்பிப் பார்க்காமல் கிழக்கு வாசலில் வெளியேறுகிறார்கள். வெளியே அப்படிக் குளிர். ஒரு மனிதர் முழுசாக ஒரு கிறிஸ்துமஸ் மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

"உருட்டாமல் தூக்கிக்கொண்டு போகிறார், பார்" என்றார் ரூத். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "கபீர், நானே தினமும் இப்படித்தான் வேலைக்கு வருகிறேன்!"

5

கடைக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டுப் படம் எடுத்தோம். பகல் அச்சாகப் பொருந்தியது. ஆனால் சாயங்காலத்துக்கு வந்தபோது படம் கவிழ்ந்தது. எண்ணியவர்கள் சாயங்காலம் மூலையில் கூட்டம் நெரிகிறது என்று எழுதியிருந்தார்கள். படத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. நகர சபைக் கூட்டத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இந்தப் படத்தைக் காட்டினால் கூட்டமே இல்லை என்கிற கட்சி ஜெயிக்கும். எங்களைப் பொய்யர்கள் என்று டிராமுக்கு நிற்கிறவர்கள் சொல்வார்கள், அது நியாயமாகவும் இருக்கும். ஏப்ரலோடு எல்லாம் முடியும்.

மத்தியானம் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு இருக்கிறது, ஆனால் சாயங்காலம் வழி இல்லை. கதவு இருக்கிறது, ஆனால் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த எரிச்சல் எனக்குப் பழக்கமானதாயிற்றே!

ஆச்சி வீட்டில் விளக்கேற்றும் நேரம் வந்தால் முதலில் பின்வாசலை அடைத்துவிடுவார்கள். முன்வாசல் வழியே வருகிற லட்சுமி பின்பக்கம் போய்விடக் கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு பாதி வீடு வந்தபின் ஆச்சி குரல் கேட்கும்: "வெளக்கு வைக்கப் போறோம்டா, அடைச்சாச்சு. சுத்திப் போ." எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறேன். "லெச்சுமிக்கே தொறக்கலையாம், ஒனக்குத் தொறக்கவா?" என்பார்.

ரொட்டியை வைத்துவிட்டு ரூத் அறைக்கு ஓடினேன். "அந்தக் கடையை எத்தனை மணிக்கு அடைப்பார்கள்?"

"ஆறுக்கு. ஏன்?" என்றவர், அப்படியே வாய் திறந்தபடி நின்றார். கொண்டையிலிருந்த பென்சில் முதல் தேடலிலேயே கிடைத்தது.

ஆறு மணிக்குக் கதவை அடைக்கச் சொல்லி நாலே நாலு அட்டை. அவ்வளவுதான் சேர்த்தோம்.

நகர சபைக் கூடத்தை நான் பார்த்ததில் மறக்க முடியாத இடம் என்பேன். உறுப்பினர்கள் மட்டுமல்ல, தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம், கை தூக்கிக் கேட்கலாம். நான் இந்த நாட்டுக் குடிமகன்கூட இல்லை. என்னை முன்னால் நிற்க வைத்து விளக்கை அணைத்தார்கள்.

பகல் ஓடியது. புள்ளிகள் கடைக்குள் நுழைய, ஓர் உறுப்பினர் குறுக்கிட்டார். "கடை எப்படித் தெரு ஆகும்?" பின்வரிசையிலிருந்து சிரிப்பு. "கால்களைக் கேட்டுப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரையில் ஆறு மணி ஆயிற்று. கதவு அடைந்தது. கடை வாசலில் புள்ளிகள் தயங்கித் திரும்பி, வடக்கு மூலையில் போய் ஒட்டிக்கொண்டே போயின. சிக்னல் மாறும், கொஞ்சம் கடக்கும், அதைவிட அதிகமாக வந்து சேரும். நடைபாதை நிரம்பி, டிராம் பாதைக்கே வழிந்தது.

நடுவரிசையில் குட்டையான ஓர் அம்மாள் எழுந்தார். தையல் தொழிற்சாலையில் வேலையாம். இத்தாலிக்காரர், என்னைவிட உடைந்த ஆங்கிலம். திரை வரைக்கும் நடந்து வந்தார். அவர் நிழல் நகரத்தின் மேல் விழுந்தது. நெரிசலின் ஓரத்தில், பாதைக்கு வெளியே தள்ளப்பட்டு நின்ற ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இது நான்."

யாரோ அந்த ஆறு மணிக் கூட்டத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன். அந்த இரண்டரை நிமிஷமும் ஒவ்வொருவரும் திரையில் தன்னைத் தேடினார். அந்தா என் டிராம், இதோ நான், அது நீ என்று குரல்கள். கடை எப்படித் தெரு ஆகும் என்று கேட்டாரே, அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து முன்னால் வந்துவிட்டார். ஆறு மணிக்கு மேல் நடப்பவர்களுக்குக் கூடுதல் நேரம் என்று கை தூக்கி முடிவு செய்தபோது முதல் கை அவருடையது.

மறுநாள் காலை ரூத் கடிதத்தை நீட்டினார். "போய்க் கொடுத்துவிட்டு வா. வருவாய்தானே?"

6

போன வாரம் அவர்கள் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் ஜொஹரா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "போட்டோ அத்தா" என்றாள். நல்ல வேளை, தமிழில் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு அவர்களை மேற்குத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவே பனி. மைமூன் என்னுடைய பழைய கோட்டை மாட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். நான் தூரத்து மூலையைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். இதுதான் மைமூன் அந்தச் சிக்னல், இந்தப் பக்கம் பச்சை எரிந்தால் அந்தப் பக்கம் இப்படி, ஆறு மணிக்கு மேல் என்ன ஆகும் தெரியுமா என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போய், அங்கிருந்துதான் டிராம் ஏறணும் என்று முடித்துத் திரும்பினால், பக்கத்தில் ஆள் இல்லை.

கடைக் கதையை நான் அவளுக்கு எழுதவே இல்லை. ஏர்மெயில் தாளில் அதற்கு இடம் ஏது? கூட்டத்தோடு மூலைக்குப் போய்விட்டாள் என்று நினைத்து ஓடினேன். முதல் சிக்னலில் சிவப்பு. நின்றேன். கடந்தேன். அங்கேயும் இல்லை. இரண்டாவது சிக்னலில் சிவப்பு. எத்தனை நொடி எரியும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான், ஆனாலும் அன்றைக்கு அது அணையவே இல்லை. மூச்சு வாங்கக் கிழக்குத் தெருவுக்குள் திரும்பினேன்.

டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, கடையின் கிழக்கு வாசலில், கோட்டில் ஒரு பொட்டுப் பனி இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். ஜொஹரா கையில் யாரோ கொடுத்த மிட்டாய்.

"எங்க போனீக மச்சான்?" என்றாள் மைமூன். "இம்புட்டுப் பெரிய வாசலத் தொறந்து போட்டிருக்காக, நீங்க ஏன் பனியில சுத்திக்கிட்டு வாறீக?"